அந்தி வேளையின் அமைதி
(புனித ஜீன் ஜூகன் வாழ்க்கை)

பிள்ளை பிறந்தால் ஊர் கூடுகிறது. திருமணம் என்றால் உறவு கூடுகிறது. முதுமை வந்து வாசலில் நிற்கும்போதோ, கூடியவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுச் செல்கிறார்கள். எஞ்சி நிற்பவை நாம் கடந்து வந்த நாட்களும், அவற்றின் நினைவுகளுமே. அந்த நினைவுகள் சிலருக்குக் குளிர் காயும் கணப்பாகின்றன. சிலருக்கோ நெஞ்சில் தைத்த முள்ளாகின்றன.

நாம் அனைவருமே இருவகை முதியோரைக் கண்டிருக்கிறோம். ஒருவர் திண்ணையில் அமர்ந்து, தமக்கு இன்னார் இன்ன தீங்கிழைத்தார் என்ற கணக்கையே நாள்தோறும் புரட்டிக் கொண்டிருப்பார். மற்றவரும் அதே அளவு துன்பம் பட்டவர்தாம். ஆனால் அவரைச் சுற்றி எந்நேரமும் பிள்ளைகள் இருப்பார்கள், பேச்சும் சிரிப்பும் இருக்கும். பட்ட துன்பம் இருவருக்கும் பொது. அப்படியானால் அந்தி வேளையில் ஒருவருக்கு இருளும் மற்றவருக்கு ஒளியும் வாய்ப்பது எதனால்? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்து சென்ற ஓர் ஏழைப் பெண்ணின் வரலாற்றை இந்த விழா மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவர்தாம் முதியோரின் தாய் எனப் போற்றத் தகும் புனித ஜீன் ஜூகன்.

பிரான்சு நாட்டின் மேற்கே, கடல் சூழ்ந்த பகுதி பிரித்தானி. அங்கே கான்கால் என்பது ஒரு மீனவர் ஊர். 1792-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் அவ்வூரில் ஓர் எளிய மீனவக் குடும்பத்தில் ஜீன் பிறந்தார். அவர் பிறந்த காலம் பொல்லாத காலம். பிரெஞ்சுப் புரட்சியின் புயல் நாடெங்கும் வீசிக்கொண்டிருந்தது. ஆலயங்கள் அடைபட்டன, குருக்கள் மறைந்து வாழ்ந்தனர். வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டுதான் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஜீனுக்கு நான்கு வயது நிறைவதற்குள் மற்றொரு புயல் அவர் வீட்டிலேயே வீசியது. கடலுக்குச் சென்ற தந்தை திரும்பவில்லை. நம் கடற்கரைப் பங்குகளில் வாழ்வோருக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. உடல் கிடைத்தால் அழுது அடக்கம் செய்யலாம். கிடைக்காவிட்டால் கதவையே பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? ஆனால் ஜீனின் தாய் மரி, கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடவில்லை. கிடைத்த கூலி வேலைகளைச் செய்து பிள்ளைகளை வளர்த்தார். சிறுமி ஜீனும் மாடு மேய்த்தார், நூல் நூற்றார், பின்னல் வேலை பழகினார். கை வேலை செய்ய, வாய் செபமாலை சொல்லும். உழைப்பையும் செபத்தையும் ஒன்றாகச் செய்யும் பழக்கம் அப்போதே அவரிடம் வேரூன்றியது.

பதினாறாம் வயதில் அருகிலிருந்த ஒரு பிரபுக் குடும்பத்தின் மாளிகையில் சமையலறைப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். அவ்வீட்டு அம்மையார் இரக்கமுள்ளவர். ஏழைகளையும் நோயாளிகளையும் பார்க்கப் போகும்போது ஜீனையும் உடன் அழைத்துச் செல்வார். கொடுப்பவர் எவ்வாறு கொடுத்தால் பெறுபவர் மனம் கூசாது என்பதை ஜீன் அங்கே கற்றுக்கொண்டார். இதற்கிடையில் மாலுமி ஒருவர் அவரை மணக்க விரும்பினார். ஜீன் இசையவில்லை. இறைவன் தம்மை ஏதோ ஒரு பணிக்காக வைத்திருக்கிறார், அது இன்னதென்று இன்னும் தெரியவில்லை என்பதே தாய்க்கு அவர் சொன்ன காரணம். தெரியாத ஒன்றிற்காகத் தெரிந்த நல்வாழ்வை விட்டுக்கொடுப்பது எளிதன்று. அந்தப் பணி இன்னதென்று தெளிவதற்கு அவர் நாற்பத்தேழு வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1817-இல், தமது இருபத்தைந்தாம் வயதில், தம்மிடமிருந்த நல்ல உடைகளைச் சகோதரிகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, சேன் செர்வான் என்னும் நகருக்குப் புறப்பட்டார். அங்கே ரோசே மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். ஆறு ஆண்டு ஓயாத உழைப்பு அவருடைய உடலை முறித்துவிட்டது. பணியை விட வேண்டியதாயிற்று. அதன்பின் லெக்கோக் என்ற மூத்த பெண்மணியின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். எசமானியும் வேலைக்காரியுமாகத் தொடங்கிய உறவு நாளடைவில் அக்கா தங்கை உறவாயிற்று. இருவரும் சேர்ந்து பூசைக்குப் போவார்கள், சேர்ந்து செபிப்பார்கள், தெருப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. 1835-இல் லெக்கோக் அம்மையார் இறந்தார். ஜீன் மீண்டும் தனியரானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

உலகத்தார் கண்ணுக்கு அது வீணாய்ப்போன வாழ்வு. கணவனில்லை, பிள்ளையில்லை, சொத்தில்லை, உறுதியான வேலையுமில்லை. தம்மைவிட மூத்தவரான பிரான்சுவாஸ் ஒபேர் என்பவரோடு சேர்ந்து சிறிய குடியிருப்பு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். விர்ஜினி என்ற அநாதைப் பெண்ணும் அவர்களோடு வந்து சேர்ந்தாள். மூத்தவர் வீட்டிலிருந்து நூல் நூற்றார்; ஜீன் வீடு வீடாகச் சென்று துணி துவைத்தும், வீட்டு வேலை செய்தும் கூலி பெற்றார்.

அந்நாளில் சேன் செர்வானில் கடலில் கணவரை இழந்த விதவைகளும், நாதியற்ற முதியோரும் ஏராளம். அவர்களுள் ஒருவர் ஆன் ஷோவன். கண் பார்வை போய், உடலும் பாதி செயலிழந்து, கவனிப்பாரற்றுக் கிடந்தார். 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஜீன் அந்த மூதாட்டியைத் தூக்கிக்கொண்டு குறுகிய படிகளில் ஏறித் தம் குடியிருப்புக்குக் கொண்டுவந்தார். தமது கட்டிலிலேயே கிடத்தினார். தாம் வேறிடத்தில் படுத்துக்கொண்டார். மாபெரும் சபை ஒன்றின் தொடக்கம் இவ்வளவே! திட்டம் இல்லை, நிதி இல்லை, கட்டடம் இல்லை. விட்டுக்கொடுக்கப்பட்ட ஒரு கட்டில் மட்டுமே இருந்தது.

சில நாட்களில் இசபெல் என்ற மற்றொரு மூதாட்டியும் வந்து சேர்ந்தார். எசமானர்கள் வறுமையுற்றபின்னும் சம்பளம் வாங்காமல் கடைசிவரை அவர்களுக்கு உழைத்து, அவர்கள் இறந்தபின் தெருவில் நின்ற பணிப்பெண் அவர். தாமும் வாழ்நாளெல்லாம் பணிப்பெண்ணாக இருந்த ஜீனுக்கு அந்த நிலை புரியாதா? கடலில் தந்தையை இழந்த பிள்ளைதான் மாலுமியின் விதவையைத் தூக்கி வந்தார். வேலைக்காரியாக உழைத்துத் தேய்ந்தவர்தான் வேலைக்காரியைச் சேர்த்துக்கொண்டார். அவர் பட்ட துன்பங்களில் ஒன்றுகூட வீண்போகவில்லை. ஒவ்வொன்றும் பிறர் துயரைத் திறக்கும் சாவியாக அவர் கையில் இருந்தது.

ஆட்கள் பெருகினர். 1841-இல் பெரிய இடம் தேவைப்பட்டது. பன்னிரண்டு முதியோருக்கு இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு பழைய கன்னியர் மடம் ஒன்றே வாங்கப்பட்டது. வயிறுகளும் பெருகினவே, உணவுக்கு என்ன செய்வது? அம்மூதாட்டிகளிற் பலர் அதுவரை பிச்சையெடுத்துப் பிழைத்தவர்கள். மீண்டும் தெருவுக்குப் போவது அவர்களுக்குப் பேரிழிவு. ஆகவே ஜீன் ஒரு முடிவுக்கு வந்தார். அவர்கள் வழக்கமாகச் செல்லும் வீடுகளின் முகவரிகளைக் கேட்டுக்கொண்டு, அவர்களுக்குப் பதிலாகத் தாமே கூடையைத் தூக்கினார்! அவருக்கு வெட்கம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கதவையும் தட்டும்போது உள்ளம் கூசத்தான் செய்தது. ஆனால் அந்தக் கூச்சத்தையும் முதியோரின் பொருட்டு இறைவனுக்குக் காணிக்கையாக்கினார்.

ஒருநாள் செல்வர் ஒருவர் எரிச்சலோடு அவரை அடித்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. ஜீன் முகம் மாறவில்லை. அந்த அடி தமக்கு உரியது என்று நன்றி கூறி ஏற்றுக்கொண்டு, இனித் தம் ஏழைகளுக்கு உரியதைத் தருமாறு அமைதியாகக் கேட்டாராம். அம்மனிதர் அதன்பின் அவருக்கு உதவி செய்பவராக மாறினார் என்பது வரலாறு.

1842 மே 29-ஆம் நாள் அந்தச் சிறு குழுவினர் ஜீனைத் தங்கள் தலைவியாகத் தேர்ந்துகொண்டனர். 1843 டிசம்பரில் மீண்டும் அவரையே தேர்ந்தனர். 1845-இல் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற பிரெஞ்சு அகாதெமி, ஏழைப் பெண்ணான அவருக்கு மோன்தியோன் பரிசும் 3000 பிராங்கும் வழங்கிச் சிறப்பித்தது. ரென், தினான், தூர் எனப் பல நகரங்களில் இல்லங்கள் எழுந்தன. ஜீன் சென்ற இடமெல்லாம் வழி திறந்தது.

இங்கேதான் அவருடைய வாழ்வின் மிகக் கசப்பான ஏடு தொடங்குகிறது. அதை மறைக்காமல் சொல்வதே உண்மைக்கு நாம் செய்யும் மரியாதை. இக்குழுவுக்கு ஞான வழிகாட்டியாக இருந்தவர் அப்பங்கின் உதவிக் குருவான லெ பையேர். 1843-இல் ஜீன் இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கப்பட்ட சில நாட்களிலேயே, அத்தேர்தல் செல்லாது என அவர் அறிவித்தார். இருபத்து மூன்று வயதே நிரம்பிய மரி ஜாமே என்ற சகோதரியைத் தலைவியாக்கினார். ஜீன் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு மீண்டும் தெருவுக்குச் சென்றார்.

1852-இல் அந்தக் கூடையும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. இனி வெளியே போக வேண்டாம், நன்கொடையாளரோடு தொடர்பு வேண்டாம் என்று சொல்லி, அவரைத் தலைமை இல்லத்துக்குள் ஒதுக்கி வைத்தனர். 1856-இல் சேன் பெர்ன் என்ற ஊரில் பெரிய தலைமை இல்லம் அமைந்தபோது அங்கே கொண்டுசெல்லப்பட்டார். சபையைத் தொடங்கியவர் லெ பையேரே என்றும், ஜீன் மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் என்றும் இளம் சகோதரிகளுக்குக் கற்பிக்கப்பட்டது. சிலுவையின் சகோதரி மரி என்பது அவரது துறவறப் பெயர். அந்தப் பெயருக்குள் ஜீன் ஜூகன் என்ற பெயரே மறைந்துபோயிற்று. இவ்வாறு இருபத்தேழு ஆண்டுகள்! தாம் ஈன்ற பிள்ளையின் வீட்டிலேயே தாய் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் வாழ்ந்தார்.

நம்மில் யாராயினும் அந்நிலையில் என்ன செய்திருப்போம்? பங்கில் நாம் செய்த ஒரு சிறு பணியை வேறொருவர் பெயரில் வாசித்துவிட்டால், நமக்கு எத்தனை நாள் தூக்கம் வருவதில்லை! யூபிலி மலர் என்றால் நன்கொடையாளர் பட்டியலும் நிர்வாகிகள் பட்டியலும் இருக்கும். அதில் விடுபட்ட பெயர்களும் நிச்சயம் இருக்கும். அந்நாளில் மண் சுமந்தவர், மணி அடித்தவர், பீடத்துத் துணி துவைத்தவர், கூட்டிப் பெருக்கியவர் ஆகியோர் பெயரையெல்லாம் எந்தக் கல்வெட்டும் தாங்கவில்லை. அவர்களுள் இன்றும் உயிரோடிருக்கும் சிலர் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஜீனின் வரலாற்றை நாம் எழுதத் துணிந்ததே அவர்களை எண்ணித்தான்.

அந்த இருபத்தேழு ஆண்டுகளில் ஜீன் எவ்வாறு வாழ்ந்தார்? நவகன்னியரோடு சேர்ந்து வேலை செய்தார், செபித்தார், அவர்களோடு பாடினார். தடியை ஊன்றிக்கொண்டு தோட்டத்தில் நடப்பார். பூக்களையும் பறவைகளையும் காட்டி, இவற்றையெல்லாம் படைத்தவர் நல்லவர் என்று இளையவர்களுக்குச் சொல்வார். சிறியவர்களாகவே இருங்கள், அடைக்கலம் தந்த முதியோரில் கிறிஸ்துவைக் காணுங்கள், சோர்வு வரும்போது நற்கருணைப் பேழையின் முன் சென்று உதவி கேளுங்கள் என்பன அவர் ஓயாது சொன்ன புத்திமதிகள். அவர் யார் என்று அறியாமலே அந்த இளம் பெண்கள் அவரை நேசித்தார்கள். பட்டமும் பதவியும் இல்லாதிருந்தும் தாய்மை அவரிடம் இருந்தது. அதைப் பறிக்க எவராலும் முடியவில்லை.

நடந்தது இன்னதென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தம் பணியைத் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டதாகவும், ஆயினும் அதை மனமுவந்து அவருக்கே கொடுத்துவிட்டதாகவும் லெ பையேரிடமே அவர் ஒருமுறை கூறினார் என்பர். இதை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். அநீதியை அவர் நீதி என்று சொல்லவில்லை. எடுத்தது எடுத்ததுதான் என்றார். ஆனால் பறிக்கப்பட்டதைக் கொடுக்கப்பட்டதாக மாற்றிக்கொண்டார். பறிகொடுத்தவருக்குக் கசப்பு மிஞ்சும். கொடுத்தவருக்கு நிறைவு மிஞ்சும். அவருடைய முதுமையின் மகிழ்ச்சிக்கு இதுவே இரகசியம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்த வலிமை ஒரே நாளில் வந்ததன்று. தந்தையை இழந்த சிறுமி, அழுகையோடு வேலையும் செய்யக் கற்றாள். மணவாழ்வை விட்டுக்கொடுத்த மங்கை, காத்திருக்கக் கற்றாள். நோயுற்று வேலையிழந்த பெண், வெறுங்கையோடு மீண்டும் தொடங்கக் கற்றாள். கதவு தட்டி அடி வாங்கியவள், அவமானத்தால் மனிதரின் மதிப்பு குறைவதில்லை என்று கற்றாள். இத்தனை பாடமும் கற்றபின்தான் அறுபதாம் வயதில் அந்தப் பெரிய சோதனை வந்தது. இளமையில் சிறுசிறு இழப்புகளை இறைவன் கையில் வைத்துப் பழகியவருக்கு, முதுமையின் பேரிழப்பையும் அங்கேயே வைக்க முடிந்தது.

துன்பம் எல்லாரையும் தானாகவே உயர்த்திவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. வெயில் மெழுகை இளக்குகிறது, களிமண்ணை இறுக்குகிறது. துன்பத்தால் மனம் இறுகிப்போன முதியோரைப் பழிப்பதும் நமக்கு அழகன்று. அவர்களுக்குத் தோள் கொடுக்க அந்நாளில் நாம் இல்லாமல் போனோமோ என்று கேட்டுக்கொள்வதே முறை.

ஒதுக்கப்பட்ட காலத்திலும் ஒருமுறை சபைக்கு அவருடைய குரல் தேவைப்பட்டது. 1865-இல் நிலையான வருமானம் தரும் சொத்துகளை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. ஆலோசனைக்கு ஜீனும் அழைக்கப்பட்டார். இறைவனின் பராமரிப்பையும் மக்களின் ஈகையையும் மட்டுமே நம்பி வாழ வேண்டும் என்று அவர் உறுதியாகச் சொன்னார். சபை அவ்வாறே முடிவு செய்தது. பழைய கூடைக்காரியின் நம்பிக்கை சபையின் சட்டமாயிற்று.

1879 மார்ச் மாதம் திருத்தந்தை 13-ஆம் லியோ சபையின் ஒழுங்குகளுக்கு ஒப்புதல் அளித்தார். அப்போது ஏறத்தாழ 2400 சகோதரிகளும் 177 இல்லங்களும் இருந்தன. அவர் பார்வை ஏறக்குறைய மங்கிவிட்டிருந்தது. தாம் முதன்முதல் தூக்கி வந்த ஆன் ஷோவனைப் போலவே தாமும் கண்ணொளி இழந்த மூதாட்டியானார். அவ்வாண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், எண்பத்தாறாம் வயதில், அமைதியாகக் கண்மூடினார். சுற்றி நின்று செபித்த இளம் சகோதரிகளிற் பெரும்பாலோருக்குத் தங்கள் சபையின் அன்னையே மறைகிறார் என்பது தெரியாது.

உண்மை நெடுநாள் மண்ணுக்குள் இருப்பதில்லை. 1890-இல் உரோமை நடத்திய விசாரணைக்குப்பின் லெ பையேர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். மரி ஜாமே அம்மையாரும், முதல் சகோதரி தாமல்ல, ஜீன் ஜூகனே என்று இறுதிக் காலத்தில் ஒப்புக்கொண்டார் என்பர். 1982 அக்டோபர் 3-ஆம் நாள் திருத்தந்தை 2-ஆம் அருள் சின்னப்பர் ஜீனுக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2009 அக்டோபர் 11-ஆம் நாள் திருத்தந்தை 16-ஆம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்னும் அவரது சபை, 1882-இல் கல்கத்தாவுக்கும், 1888-இல் கொழும்புவுக்கும் வந்தது. பின்னாளில் சென்னையிலும் முதியோருக்கு வீடு அமைத்தது. தம் பெயரையே இழந்த அந்த மூதாட்டியின் கட்டில் நம் வாசல்வரை வந்துவிட்டது!

அன்பார்ந்த பங்கு மக்களே, யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. மேடையும் தோரணமும் சில நாளில் இறங்கிவிடும். அதன்பின் நம் தெருவில் தனியே வாழும் ஒரு முதியவரின் வீட்டுப் படியேறுவோம். அவர் சொல்லும் பழைய கதையை, பத்தாம் முறையாயினும், பொறுமையோடு கேட்போம். பார்வை குறைந்தவரைக் கைபிடித்துப் பூசைக்கு அழைத்து வருவோம். முதியோரான அன்பர்களோ, தங்கள் பெயர் எந்தப் பட்டியலில் விடுபட்டிருந்தாலும், வானகத் தந்தையின் ஏட்டில் அது விடுபடவில்லை என்று மனம் தேறுவார்களாக.

நமக்கும் ஒருநாள் அந்தி வரும். அப்போது நம் கையில் வரவேண்டிய கடன்களின் கணக்கு இருக்கப்போகிறதா, மனமுவந்து கொடுத்தவற்றின் நினைவு இருக்கப்போகிறதா? அதை இன்றே முடிவு செய்வோம். புனித ஜீன் ஜூகனே, எங்கள் முதியோருக்காகவும், முதுமையை நோக்கி நடக்கும் எங்கள் அனைவருக்காகவும் வேண்டிக்கொள்ளும்.